ஒன்பதாம் லேனில் நூறு பந்து

அத்தியாயம் 17

பத்தொன்பது நாளாக அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு ஆம்பளை. நீங்கள் நினைக்கிற மாதிரி விவகாரம் எதுவும் இல்லை. அதற்கெல்லாம் கொஞ்சமாவது ரசனை வேண்டும். இவன் தண்ணீர் குடிக்கக்கூட வாட்சில் அலாரம் வைத்திருக்கிறவன்.

நடுவில் ஒரு வாரம் இரண்டு வாரம் விட்டுப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவளின் கணவனை ஜிம்மில் எல்லோரும் 'கோச்' என்பார்கள். அப்படிக் கூப்பிடச் சொன்னவன் அவனேதான். வேலை மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரிவில். முழு நேரத் தொழில், ஊருக்கெல்லாம் புத்தி சொல்வது.

போன வருஷம் அவனைப் பிடித்த பைத்தியம், ஓட்டமும் உடற்பயிற்சியும் கலந்த பந்தயம். ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும், ஒரு பயிற்சி செய்ய வேண்டும், மறுபடி ஒரு கிலோமீட்டர். இப்படி எட்டு ஓட்டம், எட்டுப் பயிற்சி. எடை ஏற்றிய சறுக்கு வண்டியைத் தள்ளு, கயிறு கட்டி இழு, மணல் மூட்டையைத் தோளில் போட்டு நட. ஒரு காலத்தில் மாட்டுக்குக் கொடுத்த வேலையை இப்போது நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு மனுஷனுக்குக் கொடுக்கிறார்கள்.

இதில் ஜோடியாகவும் கலந்துகொள்ளலாம். ஓட்டத்தை இரண்டு பேரும் சேர்ந்தே ஓட வேண்டும். பயிற்சியை மட்டும் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒருவர் செய்யும்போது மற்றவர் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கலாம். கோச்சுக்கு ஜோடி அவன் மனைவி. நான்கு மாதம் அவளை விடியற்காலையில் எழுப்பி ஓட வைத்தான்.

அவளுக்குச் சட்டை ஃபேக்டரியில் வேலை. தைக்கும் வேலை இல்லை, அளக்கும் வேலை. கையில் ஸ்டாப்வாட்சோடு தையல் வரிசைக்குப் பின்னால் நின்று, ஒரு காலர் தைக்க எத்தனை வினாடி, ஒரு பட்டன் வைக்க எத்தனை வினாடி என்று எழுத வேண்டும். மிஷின் ஓடும்போது நேரம் வீணாவதில்லை, துணியை எடுப்பதிலும் வைப்பதிலும்தான் வீணாகிறது என்று பன்னிரண்டு வருஷமாகப் பார்த்தவள்.

அதனால், போன பந்தயத்தின் நேரப் பட்டியலை அவன் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துப் புலம்பியபோது, அவள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள்.

"நீங்க ஓடறதுல நேரத்தை விடல. நிக்கறதுல விடறீங்க. ஓட்டத்துக்கும் பயிற்சிக்கும் நடுவுல மட்டும் ஏழு நிமிஷம் போயிருக்கு. கையுறை மாட்டறது, தண்ணி குடிக்கறது, தலை கோதறது."

"உனக்கு ஸ்போர்ட்ஸ் பத்தி என்ன தெரியும்?" என்றான் கோச்.

மூன்றாம் நாள் ஜிம்மில் எட்டுப் பேரை நிற்கவைத்து, "என்னோட அனாலிசிஸ் என்ன சொல்லுதுன்னா..." என்று ஆரம்பித்து, அதே ஏழு நிமிஷத்தை அவர்களுக்கு விற்றுவிட்டான். முதல் கிலோமீட்டரை மெதுவாக ஓடு, கடைசிப் பயிற்சியைப் பத்துப் பத்தாகப் பிரித்துச் செய் என்று அவள் ஃபேக்டரி நோட்டில் எழுதிக் கொடுத்த திட்டமும் அப்படியே அவன் திட்டமாகிவிட்டது.

அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும் என்று இருந்திருப்பாள். பத்தொன்பது நாளுக்கு முன்னால் அவள் போனுக்கு ஒரு மெயில் வந்தது. ஜோடியிலிருந்து அவள் பெயர் நீக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் இருந்தது அவளுடைய சொந்தத் தங்கையின் பெயர்.

"நான் என்ன பண்ணட்டும்? அவளாத்தான் வந்து கேட்டா," என்றான் கோச், வாட்சைப் பார்த்துக்கொண்டே. "'அக்கா ஸ்லோ மாமா, நான் வரேன்'னா. சின்னப் பொண்ணு ஆசைப்படறா, எப்படி முடியாதுங்கறது?"

அன்றிலிருந்து தங்கையின் போனை அவள் எடுக்கவில்லை. கணவன்மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் ஒரு தரம் வேண்டும். ஆனால் தங்கை? அம்மா இல்லாத வீட்டில் ஒரே போர்வையில் படுத்து வளர்ந்தவர்கள். தங்கையும் போய்விட்டால் இவளுக்கென்று சொல்லிக்கொள்ள இன்னொரு ஆள் இல்லை. அந்த நினைப்புதான் தொண்டையில் மாட்டிய மீன் முள்ளாகப் பத்தொன்பது நாளும் இருந்தது.

இனி, இன்றைய ஞாயிற்றுக்கிழமை.

"எனக்கு இன்னிக்கு வேலை இருக்கு," என்று சொல்லிவிட்டுக் காலை ஆறு மணிக்கே பெரியவள் கிளம்பினாள். கோச் கண்ணாடி முன்னால் நின்று கைச்சதையை முறுக்கிக்கொண்டிருந்தான். எந்த வேலை என்று கேட்கத் தோன்றவில்லை அவனுக்கு. மனைவி வீட்டை விட்டுப் போனால் ஃபேக்டரிக்குத்தான் போவாள் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான்.

பந்தயம் நடப்பது கண்காட்சி மண்டபத்தில். உள்ளே நுழைந்ததும் வலித் தைல வாசனை. காது ஜவ்வு கிழிகிற சத்தத்தில் பாட்டு. உள்ளங்கையில் சுண்ணாம்புத் தூள் பூசிக்கொண்டு, ஏதோ எல்லைக்குப் போருக்குப் போகிற மாதிரி ஒருவரை ஒருவர் முதுகில் அறைந்துகொள்ளும் ஆட்கள். நாளை காலை இவர்கள் எல்லோரும் ஆபீசில் ஸ்டேப்ளர் பின் காணோம் என்று தேடப் போகிறவர்கள்.

பெரியவளுக்கு மஞ்சள் பனியன் கொடுத்தார்கள். அவள் தன்னார்வ நடுவர். பெயர் நீங்கிய அன்றைக்கே விண்ணப்பம் போட்டிருந்தாள். எண்ணத் தெரியுமா என்று கேட்டிருந்த இடத்தில், 'தெரியும்' என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தாள்.

தலைமை நடுவர் ஒரு அம்மாள். பளு தூக்கி ஓய்வு பெற்றவர். கழுத்தும் தோளும் எங்கே பிரிகின்றன என்று சொல்ல முடியாது. காலையில் எல்லா நடுவர்களையும் கூட்டி நிறுத்தி விதியைச் சொன்னார்.

"கடைசிப் பயிற்சி, சுவர்ப் பந்து. பந்தைப் பிடிச்சுக்கிட்டு உட்காரணும், எழுந்து மேலே இருக்கற வட்டத்துல அடிக்கணும். ஒரு ஜோடிக்கு நூறு. இடுப்பு முட்டிக்குக் கீழே இறங்கலேன்னா அது கணக்குல இல்ல. பாவம் பார்க்காதீங்க. இன்னொண்ணு, உங்க லேன்ல சொந்தக்காரங்க யாராவது வந்தா கையைத் தூக்குங்க. ஆளை மாத்திடுவேன்."

பெரியவளுக்கு ஒன்பதாம் லேன். சொந்தக்காரர்கள் வந்தால் கையைத் தூக்கிவிடுவது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

பத்தரை மணிக்கு அவர்கள் பெயர் பெரிய திரையில் ஏறியது. முதல் கிலோமீட்டரை நான்கு நிமிஷம் ஐம்பது வினாடியில் ஓட வேண்டும் என்பது அவள் எழுதிய திட்டம். திரையில் நான்கு நிமிஷம் ஐந்து வினாடி என்று வந்தது.

'கேமரா இருந்திருக்கும்' என்று நினைத்துக்கொண்டாள். அவன் மெதுவாக ஓட வேண்டிய இடத்தில்தான் படம் எடுப்பவர்கள் வரிசையாக நின்றார்கள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். நான்காவது கிலோமீட்டரில் நேரம் ஏறியது. ஆறாவதில் இன்னும் ஏறியது. எட்டாவதில் அவன் ஓடுகிறானா, யாரையாவது தேடிக்கொண்டு நடக்கிறானா என்று சந்தேகம் வரும்படி ஒரு எண் வந்தது. இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால், எழுபது நிமிஷத்துக்குள் முடிக்க இன்னும் இடம் இருந்தது.

எழுபது நிமிஷம். அவன் ஜிம் சுவரில் 'எழுபதுக்குள்' என்று ஒரு பலகை உண்டு. ஏழு பேர் போட்டோ தொங்கும். எட்டாவது போட்டோவாகத் தொங்குவதற்குத்தான் இந்த மனுஷன் மனைவி பெயரை அடித்தான்.

அறுபத்து நான்கு நிமிஷம் பத்து வினாடியில் இருவரும் சுவர்ப் பந்துக்கு வந்து சேர்ந்தார்கள். கோச் ஏழாம் லேன் பக்கம் திரும்பினான், கேமரா அங்கேதான். சின்னவள் அதற்குள் மஞ்சள் பனியனில் இருந்த அக்காவைப் பார்த்துவிட்டாள். ஒரு கணம் நின்றாள். அப்புறம் நேராக ஒன்பதுக்கு ஓடி வந்தாள். ஜோடி போன இடத்துக்குத்தான் அவனும் வந்தாக வேண்டும்.

கையைத் தூக்க வேண்டிய நேரம் அது. பெரியவள் தூக்கவில்லை. பத்தொன்பது நாளுக்கு அப்புறம் தங்கை முகம் ஒரு முழ தூரத்தில் இருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கூரியர் வேலை, லிஃப்ட் இல்லாத மாடிகளாக ஏறி இறங்குகிறவள், எப்போதும் ஒல்லிதான். இவ்வளவு ஒல்லி இல்லை.

"நீ இங்க என்ன பண்றே?" என்றான் கோச், கண்ணை அகல விரித்து.

"எண்ணறேன். ஆரம்பிங்க, நேரம் ஓடுது."

பத்துப் பத்தாகப் பிரித்துச் செய்ய வேண்டும். அவன் பந்தைப் பிடுங்கிக்கொண்டு, முப்பதை ஒரே மூச்சில் அடித்துக் காட்டுகிற ஆவேசத்தில் இறங்கினான். இருபத்திரண்டு வரைக்கும் ஒழுங்காகப் போனது. அப்புறம் இடுப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. சோபா சூடாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு உட்காருகிறவன் மாதிரி இருந்தது அந்த உட்காரல்.

"இல்ல," என்றாள் பெரியவள்.

மறுபடி அடித்தான்.

"இல்ல."

"ஏய்!"

"இறங்கல. இருபத்திரண்டுதான்."

பந்தைத் தங்கையிடம் தள்ளிவிட்டு அவன் பெரியவள் பக்கத்தில் வந்து குனிந்து மூச்சு வாங்கினான். சின்னவள் அடிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு முறையும் தரையைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்து எழுந்தாள்.

"இருபத்துமூணு. இருபத்துநாலு."

"எதுவா இருந்தாலும் வீட்டுல பேசிக்கலாம்," என்றான் பல்லைக் கடித்து. "இங்க வந்து பழி வாங்காதே."

"இருபத்தாறு. உங்களைப் பழி வாங்க ஞாயித்துக்கிழமையை வீணாக்குவேனா? இருபத்தேழு."

"நாலு மாசம் நான் பட்ட கஷ்டம் உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நானும் கூடத்தானே ஓடினேன். இருபத்தொன்பது."

அதற்கு மேல் பேச அவனுக்கு மூச்சு இல்லை. முப்பத்தாறில் சின்னவள் பந்தைக் கொடுத்தாள். இப்போது அவன் சுவரைப் பார்த்து நின்றான். சின்னவள் அக்காவின் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வேர்வை சொட்டியது. என்ன சொல்வது என்று தெரியாமல் முதலில் வாயில் வந்ததைக் கேட்டாள்.

"அக்கா, முட்டி இப்ப எப்படி இருக்கு?"

"முப்பத்தொன்பது. என் முட்டிக்கு என்ன?"

"வலின்னு... டாக்டர் ஓடக் கூடாதுன்னுட்டாராமே."

"நாப்பத்திரண்டு. யாரு சொன்னா?"

"மாமாதான். உனக்குப் பதிலா என்னை ஓடச் சொன்னதே நீதான்னு சொன்னாரு. 'உங்க அக்கா மனசு உடைஞ்சு கெடக்கா, ரேஸ் முடியற வரைக்கும் அவகிட்ட இதைப் பேசாதே'ன்னாரு. அப்படியும் எத்தனை தடவை போன் பண்ணேன் தெரியுமா? நீ கட் பண்ணிட்டே இருந்தே."

பெரியவள் திரும்பித் தங்கை முகத்தைப் பார்த்தாள். கண்தான் திரும்பியது, வாய் பழக்க தோஷத்தில் தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது. "நாப்பத்தேழு. நாப்பத்தெட்டு."

"நீயா வந்து கேட்டேன்னாரு," என்றாள் மெதுவாக. "'அக்கா ஸ்லோ'ன்னு நீ சொன்னதா."

"நானா?"

அந்த ஒரு வார்த்தையில் பொய் இருந்தால் பெரியவளுக்குத் தெரிந்திருக்கும். சின்ன வயசில் சர்க்கரை திருடிவிட்டு மறுத்தபோதுகூட அவளுக்குப் பொய் சொல்ல வந்ததில்லை.

பெரியவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒரு காலருக்கு நேரம் குறிப்பதற்கு இருபது தடவை அளந்து பார்ப்பவள். கூடப் பிறந்தவளை மட்டும், ஒரே ஆள் ஒரே ஒரு தடவை சொன்ன அளவை வைத்துத் தள்ளிவிட்டாள். அதுவும் எந்த ஆள்? தன் உயரத்தையே இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்கிறவன்.

"ஐம்பது. இல்ல. இல்ல. ஆளை மாத்துங்க."

சின்னவள் போனாள், அவன் வந்தான்.

"என்ன சொன்னா அவ?"

"ஐம்பத்தொண்ணு. முட்டி எப்படி இருக்குன்னு கேட்டா."

கோச்சின் முகத்தில் இருந்த சிவப்பு ஓட்டத்தால் வந்தது. அது மெல்ல இறங்கி வேறு நிறம் வந்தது.

"இதோ பாரு, அது வந்து... ஸ்ட்ராடஜி. டீம் நல்லா இருக்கணும்னா சில விஷயத்தை—"

"பேசாதீங்க. மூச்சைச் சேர்த்து வைங்க, வேணும். ஐம்பத்தஞ்சு."

அறுபத்தாறில் மறுபடி அவன் முறை. ஐந்து பந்து கணக்கில் ஏறின. அதற்கப்புறம் நான்கு முறை தொடர்ந்து 'இல்ல'. கடிகாரம் அறுபத்தொன்பது நிமிஷத்தைத் தாண்டியது. அவன் பந்தைத் தரையில் ஓங்கி அடித்துவிட்டு, மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

"மேடம்! இவ என் பொண்டாட்டி! வேணும்னே எண்ண மாட்டேங்கறா! எனக்கு வேற நடுவர் வேணும்!"

தலைமை நடுவர் அம்மாள் எங்கிருந்தோ ஓடி வரவில்லை. இரண்டு அடி பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

"சொந்தக்காரங்களா?" என்று பெரியவளைக் கேட்டார்.

"ஆமா மேடம். கை தூக்கியிருக்கணும். தூக்கல. தப்பு என்னுதுதான்."

"தப்புதான். தள்ளி நில்லுங்க, நான் எண்ணறேன்."

கோச் வெற்றிப் புன்னகையோடு இடுப்பில் கை வைத்தான். அம்மாள் அவன் பக்கம் திரும்பினார்.

"நாப்பதுலேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன் தம்பி. இவங்க உங்களுக்கு இல்லைன்னு சொன்னது எல்லாமே சரி. ஆனா நாப்பத்தேழும் நாப்பத்தெட்டும் நீங்க இறங்கவே இல்ல. அதையும் சேர்த்து எண்ணியிருக்காங்க. எழுபத்தொண்ணு இல்ல, அறுபத்தொன்பது. இன்னும் முப்பத்தொண்ணு பாக்கி."

பெரியவளுக்குக் காது சூடாகிவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வினாடியைக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவள். அப்படிப்பட்டவள் முதன்முதலாக இரண்டு எண்ணிக்கையை வாரிக் கொடுத்திருக்கிறாள், அதுவும் போயும் போயும் இந்த ஆளுக்கு.

"சரி மேடம். அந்த ரெண்டையும் அடிச்சிடுங்க," என்றாள்.

"அறுபத்தொன்பதா?" கோச்சின் குரல் கீச்சென்று வந்தது. "நேரம் போயிடுச்சே!"

சின்னவள் பந்தை எடுத்தாள். பத்து அடித்தாள், பந்தை மார்போடு அணைத்து மூன்று மூச்சு வாங்கினாள். அடுத்த பத்து. மறுபடி மூன்று மூச்சு. கோச் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து, "கொடு, என்கிட்ட கொடு, நிக்காதே!" என்று குதித்தான். அவள் அவனைப் பார்க்கக்கூட இல்லை. முப்பத்தொன்றையும் அவளே அடித்தாள். அம்மாள் ஒன்றுக்குக்கூட 'இல்ல' சொல்லவில்லை.

"நூறு. போகலாம்."

எழுபத்தொன்று நிமிஷம் நாற்பது. பலகைக் கனவு போய்விட்டது. ஆனால் முடிவுக் கோட்டில் கேமரா இருந்தது. கோச்சுக்கு அது போதும். "வா!" என்று கத்திவிட்டு, பத்தே அடி தூரத்தில் இருந்த வளைவுக்குள் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு ஓடினான். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். போட்டோவும் எடுத்தார்கள்.

கண்ணைத் திறந்து மேலே பார்த்தால், கடிகாரம் நிற்கவில்லை. ஜோடியில் இரண்டாவது ஆளும் கோட்டைத் தாண்டினால்தான் அது நிற்கும்.

சின்னவள் ஒன்பதாம் லேனை விட்டு நகரவில்லை. அக்காவின் காலடியில் ரப்பர் தரையில் உட்கார்ந்து, ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"வா! பத்து அடிதான்! ஓடி வா!" அவன் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு கையையும் ஆட்டினான். தாண்டியவன் திரும்பி இந்தப் பக்கம் வரக் கூடாது என்று ஒரு நடுவர் அவன் மார்பில் கை வைத்துத் தடுத்தார்.

எழுபத்திரண்டு. எழுபத்திரண்டரை.

பெரியவள் குனிந்து தங்கையின் நெற்றி வேர்வையைத் தன் மஞ்சள் பனியன் ஓரத்தால் துடைத்தாள். "மன்னிச்சுடுடி," என்றாள். "ஒரு தடவை போனை எடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்."

"அதை விடு அக்கா." சின்னவள் ஒரு ஷூவைக் கழற்றி வைத்தாள். நிமிர்ந்து பார்த்த கண்ணில் அழுகை இல்லை, பயம் இருந்தது. "இது ஒண்ணுதான் பொய்யின்னு நினைச்சா பரவாயில்ல. அடுத்த மாசத்தோட நீ ஃபேக்டரி வேலையை விடறேன்னு சொன்னாரு. நீயே ஆசைப்பட்டுக் கேட்டியாம். உங்க மேனேஜரைப் பார்த்து உன் ராஜினாமா லெட்டரைக் கொடுத்துட்டாராம். நீ எழுதினியா அக்கா?"

"சீக்கிரம் வா!" என்று அங்கிருந்து குரல் கிழிந்தது. "நேரம் ஓடுது!"

பெரியவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தங்கைக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"முதல்லேர்ந்து சொல்லு," என்றாள்.